ஒரு குழந்தையைக் காப்பதும் இன்னொரு குழந்தையை வாட்டுவதும் ஒரே மரபணு

2023-ஆம் ஆண்டில் மலேரியா உலகெங்கும் சுமார் 26 கோடியே 30 லட்சம் முறை மனிதர்களைத் தாக்கியது என்றும், சுமார் 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இறப்புகளில் 95 சதவீதம் ஆப்பிரிக்காவில் நடந்தவை. அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஐந்து வயதுகூட நிரம்பாதவர்கள். தாங்க முடியாத எண்ணிக்கை இது. ஆனால் இதற்குள் ஒரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. கணக்குப் போட்டால், நானூற்றுச் சொச்சம் தாக்குதல்களில் ஒன்றுதான் மரணத்தில் முடிகிறது. மற்றவை காய்ச்சல், குளிர் நடுக்கம், தலைவலி என்று வந்து போய்விடுகின்றன. ஒரே ஊர், ஒரே வீடு, கடிப்பதும் அதே கொசுக்கள்தான். ஒரு பிள்ளை மூன்றாம் நாள் எழுந்து விளையாடப் போகிறது. இன்னொரு பிள்ளை வலிப்பு வந்து நினைவிழந்து கிடக்கிறது. இது எப்படி?

காரணங்கள் பல. எந்த வகை ஒட்டுண்ணி என்பது ஒன்று. மருந்து எவ்வளவு சீக்கிரம் கிடைத்தது என்பது இன்னொன்று. முன்பே சில முறை மலேரியா வந்து உடம்பு பழகியிருக்கிறதா என்பதும் முக்கியம். இவற்றோடு, பெற்றோரிடமிருந்து வந்த மரபணுக்களும் சேர்கின்றன. கென்யாவின் கடலோர மாவட்டமான கிலிஃபியில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வு, மலேரியா ஒருவரை எத்தனை முறை தாக்குகிறது என்பதில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய கால் பங்கு பரம்பரையால் வருகிறது என்று கணித்தது. மொத்த வேறுபாட்டில், சிவப்பணுவை அரிவாள் போல வளைக்கும், எல்லாருக்கும் தெரிந்த அரிவாள் செல் மரபணுவின் பங்கு இரண்டு சதவீதம் போலத்தான். மீதியில் பெரும்பகுதி இன்னும் பெயர் சூட்டப்படாத, சின்னச் சின்ன வேறுபாடுகளின் கூட்டு.

இந்தக் கட்டுரை முழுக்க மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலேரியாவை எதிர்க்கும் மரபணு என்று நாம் பேசும்போது, பெரும்பாலும் அது தொற்றைத் தடுக்கும் மரபணு அல்ல. தொற்று வருகிறது, ஒட்டுண்ணி ரத்தத்தில் இருக்கிறது, காய்ச்சலும் வரலாம். அது மரணத்தை நோக்கிப் போகாமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

சிவப்பணுவுக்குள் நடப்பது

உயிரைப் பறிக்கும் மலேரியாவில் பெரும்பகுதி பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்ற ஒட்டுண்ணியால் வருவது. பெண் அனாபிலிஸ் கொசு கடிக்கும்போது உள்ளே வந்து, முதலில் கல்லீரலில் தங்கிப் பெருகி, பிறகு ரத்தத்தில் இறங்குகிறது. அதுவரை நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. நோய் தொடங்குவது அது சிவப்பணுக்களுக்குள் புகுந்த பிறகுதான். உள்ளே போனதும் ஹீமோகுளோபினைத் தின்று வளர்ந்து, சுமார் 48 மணி நேரத்தில் ஒன்று பலவாகி, அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, அடுத்த அணுக்களைப் பிடிக்கிறது. நோயாளிக்குக் காய்ச்சல் ஏறுவது இப்படி அணுக்கள் உடையும் நேரத்தில்.

ஃபால்சிபாரத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. அது வளர வளர சிவப்பணு விறைத்துப்போகும். விறைத்த அணுக்களை மண்ணீரல் அடையாளம் கண்டு வடிகட்டி அழித்துவிடும். இதிலிருந்து தப்ப அது ஒரு வழி வைத்திருக்கிறது. தான் தயாரித்த ஒட்டும் புரதம் ஒன்றைச் சிவப்பணுவின் வெளிப்பரப்புக்கு அனுப்புகிறது. அங்கே சின்னச் சின்ன முடிச்சுகள் முளைக்கின்றன. அவற்றின் மேல் அந்தப் புரதம் உட்காருகிறது. இப்போது அந்த அணு நுண்குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஓடும் ரத்தத்தோடு போகாது, மண்ணீரலிடம் சிக்காது. மூளையின் நுண்குழாய்களில் இப்படி ஆயிரமாயிரம் அணுக்கள் ஒட்டி அடைத்துக்கொள்வதுதான் மூளை மலேரியா. குழந்தைகளுக்குக் கடும் மலேரியா இன்னும் இரண்டு விதமாகவும் வரும்: ரத்தம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துபோகும் சோகையாக, அல்லது ரத்தத்தில் அமிலம் கூடி மூச்சு வாங்கும் நிலையாக.

இதைப் படித்தால், காக்கும் மரபணுக்களில் ஏன் இத்தனை சிவப்பணுவைச் சார்ந்தவையாக இருக்கின்றன என்பது தானாகவே புரியும். ஹீமோகுளோபின், அணுவின் சவ்வு, சவ்வின் மேலிருக்கும் ரத்த வகைக் குறிகள், உள்ளே இருக்கும் நொதிகள் என எதைத் தொட்டாலும் ஒட்டுண்ணியின் அன்றாட வேலையில் கை வைத்தது போலாகிறது.

மேட்டு நிலத்தில் இல்லை, ஏரிக்கரையில் உண்டு

மலேரியா மனித மரபணுக்களைச் சலித்தெடுத்திருக்க வேண்டும் என்று 1949-இல் எழுதியவர் மரபியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன். அவர் யோசித்தது தலசீமியாவைப் பற்றி. மத்தியதரைக் கடல் மக்களிடையே இந்த ரத்தக் கோளாறு இவ்வளவு பரவலாக இருக்கிறதே, அது உயிருக்கே உலை வைப்பதாயிற்றே, காலப்போக்கில் மறைந்திருக்க வேண்டாமா என்று கேட்டார். அந்த மரபணுவின் ஒரு பிரதியை மட்டும், அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும், பெற்றவர்களுக்கு மலேரியாவிடமிருந்து ஏதோ பாதுகாப்புக் கிடைக்கிறது என்பது அவருடைய ஊகம். கையில் சான்று இல்லாமல் சொன்ன ஊகம்தான். ஆனால் சரியான ஊகம். இந்த ஹால்டேன் பின்னாளில் இந்தியக் குடியுரிமை பெற்று 1964-இல் புவனேஸ்வரத்தில் காலமானார்.

சான்றைத் தேடிப் போனவர் ஆந்தனி ஆலிசன். கென்யாவில் வளர்ந்தவர். அதே 1949-இல் கென்யாவின் வெவ்வேறு பகுதி மக்களிடம் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, அரிவாள் செல் மரபணு கடற்கரையிலும் விக்டோரியா ஏரியைச் சுற்றியும் அதிகமாகவும், குளிர்ந்த மேட்டு நிலங்களிலும் வறண்ட பகுதிகளிலும் மிகக் குறைவாகவும் இருப்பதைக் கண்டார். மொழி, இனக்குழு எல்லைகளோடு அது பொருந்தவில்லை. கொசுவின் வரைபடத்தோடு பொருந்தியது. 1954-இல் அவர் வெளியிட்ட கட்டுரைகள், அரிவாள் செல் மரபணுவின் ஒரு பிரதி உள்ள குழந்தைகளின் ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணி குறைவாகக் காணப்படுகிறது என்று காட்டின.

அந்த ஆய்வில் ஒரு பகுதி இன்று படிக்கும்போது உறுத்துகிறது. லுவோ இனத்தைச் சேர்ந்த 30 ஆண்களுக்கு, பாதிப் பேர் மரபணு உள்ளவர்கள், பாதிப் பேர் இல்லாதவர்கள், வேண்டுமென்றே மலேரியாவைத் தொற்றவைத்துப் பார்த்தார்கள். இல்லாத 15 பேரில் 14 பேருக்குத் தொற்றியது; உள்ள 15 பேரில் இருவருக்கு மட்டும். நோய் தெரிந்ததும் மருந்து கொடுத்தார்கள் என்றாலும், காலனி ஆட்சியின் கீழ் இருந்த மக்களின் சம்மதம் எவ்வளவு சுதந்திரமான சம்மதம் என்ற கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. அறிவியலாகப் பார்த்தாலும் அந்த முடிவு அப்படியே நிற்கவில்லை. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் வேறொரு குழு செய்த சோதனையில் அப்படிப்பட்ட வேறுபாடு தென்படவில்லை. பிறகு பல ஆண்டுகள் நடந்த கள ஆய்வுகள்தான் படத்தைத் தெளிவாக்கின. ஒரு பிரதி உள்ளவர்களுக்கும் ஒட்டுண்ணி தொற்றுகிறது, அறிகுறியில்லாமல் ரத்தத்தில் சுமக்கவும் செய்கிறார்கள். சாதாரண மலேரியாக் காய்ச்சல் ஓரளவு குறைகிறது. ஆனால் கடும் மலேரியா வரும் அபாயம் மட்டும் ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்துவிடுகிறது. எந்தத் தனி மரபணுவாலும் இதைவிடப் பெரிய பாதுகாப்புக் கிடைத்ததாகச் சொல்ல முடியாது.

யார் வாழ, யார் விலை கொடுக்க

அரிவாள் வடிவச் சிவப்பணுக்களை 1910-இல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற மருத்துவர் முதலில் விவரித்தார். 1949-இல் லைனஸ் பாலிங்கின் குழு இது ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே இருக்கும் கோளாறு என்று காட்டியது. சில ஆண்டுகளில் வெர்னன் இங்கிராம் அந்தக் கோளாறு எவ்வளவு சிறியது என்பதைக் கண்டுபிடித்தார். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக வேலின் என்ற இன்னொன்று. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதன் விளைவு. அந்த மாற்றத்தால், ஆக்ஸிஜன் குறையும்போது ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட இழைகளாகி, அணுவை அரிவாள் போல வளைத்துவிடுகின்றன.

இரண்டு பெற்றோரிடமிருந்தும் இந்த மரபணு வந்தால் அரிவாள் செல் நோய். ரத்தக் குழாய் அடைப்பு, எலும்புக்குள் தாங்க முடியாத வலி, தொற்றுகள், பக்கவாதம், சோகை என்று சிறு வயதிலேயே தொடங்கிவிடும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் ஆரோக்கியமான வாழ்க்கை, கூடவே மலேரியாவிடமிருந்து பாதுகாப்பு.

இந்தச் சமநிலை எப்படி நிற்கிறது என்பதை ஓர் எளிய கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊரில் பத்தில் ஒரு பிரதி எஸ் வகை (அரிவாள் செல் மரபணு), ஒன்பது ஏ வகை (இயல்பான மரபணு) என்று வைத்துக்கொள்வோம். அங்கே பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 810 பேருக்கு இரண்டும் ஏ, 180 பேருக்கு ஒன்று ஏ ஒன்று எஸ், 10 பேருக்கு இரண்டும் எஸ். மருத்துவ வசதியே இல்லாத காலம். அந்தப் பத்துக் குழந்தைகளும் பெரியவர்களாகும் முன்பே இறந்துவிடுகிறார்கள். அப்படியானால் ஒவ்வொரு தலைமுறையிலும் எஸ் குறைந்துகொண்டே போய் மறைய வேண்டும். மறையாமல் அதே பத்தில் ஒன்றில் நிற்க வேண்டுமானால், இரண்டும் ஏ உள்ள 810 பேரில் 90 பேர் மலேரியாவால் இறந்திருக்க வேண்டும். மிஞ்சுவது 720-ம் 180-ம். ஆக மொத்தம் 900 பேர், 1,800 பிரதிகள், அதில் எஸ் 180. மறுபடியும் அதே பத்தில் ஒன்று.

இது மிகவும் எளிமையாக்கிய கணக்குதான். ஆனாலும் அது சொல்லும் செய்தி என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுகிறது. ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் எஸ் மரபணு இந்த அளவையும் தாண்டி இருக்கிறது. அப்படியென்றால் அங்கே தலைமுறை தலைமுறையாக எத்தனை குழந்தைகளை மலேரியா வாரிக்கொண்டு போயிருக்க வேண்டும்! மரபணு அளவுகள் எழுதப்படாத ஒரு மரணப் பதிவேடாகவே இருக்கின்றன. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பலன் அனுபவிக்கும் குழந்தையும் விலை கொடுக்கும் குழந்தையும் வேறு வேறு. உடன்பிறந்தவர்களாகவே இருக்கலாம். 'இயற்கை கண்டுபிடித்த அற்புதத் தீர்வு' என்று இதைப் புகழ்ந்து எழுதுவோர் அந்தப் பத்துப் பேரை மறந்துவிடுகிறார்கள்.

சரி, ஒரு பிரதி எஸ் எப்படிக் காக்கிறது? ஒரே வழியில் அல்ல. ஒட்டுண்ணி உள்ளே இருக்கும் அணு எளிதில் வளைந்துவிடுவதால் மண்ணீரல் அதைச் சீக்கிரம் பிடித்துவிடுகிறது. நுண்குழாய்களில் ஆக்ஸிஜன் குறைவு. அங்கே எஸ் ஹீமோகுளோபின் இழைகளாகத் திரள, ஒட்டுண்ணியின் வளர்ச்சி பாதியிலேயே நின்றுபோகிறது. அப்புறம் அந்த ஒட்டும் புரதம். இந்த அணுக்களில் அதை வெளிப்பரப்புக்குக் கொண்டுபோகும் போக்குவரத்தே குழம்பிவிடுகிறது. ஒட்டுண்ணி சிவப்பணுவின் சொந்த ஆக்டின் என்ற புரத இழைகளைப் பிரித்தெடுத்துத் தனக்கு வழித்தடம் போடுகிறது. எஸ் வகையோ, அடுத்துப் பார்க்கப்போகும் சி வகையோ ஹீமோகுளோபின் உள்ள அணுக்களில் அந்தத் தடம் ஒழுங்காக அமைவதில்லை என்று 2011-இல் நுண்ணோக்கிப் படங்களோடு காட்டினார்கள். முடிச்சுகள் ஒழுங்கற்று, புரதம் குறைவாக, ஒட்டும் பிடி தளர்ந்து. தொற்று வந்தும் மூளை அடைபடாமல் போவதற்கு இது நல்ல விளக்கம்.

வேறு வேறு வழிகள்

மேற்கு ஆப்பிரிக்காவில், குறிப்பாக புர்கினா ஃபாஸோவைச் சுற்றி, ஹீமோகுளோபின் சி உண்டு. எஸ் மாறிய அதே ஆறாவது இடம்தான், வேறு அமினோ அமிலம். இதில் இரண்டு பிரதி உள்ளவர்களுக்குத்தான் பாதுகாப்பு மிக அதிகம். கொடிய நோயும் வருவதில்லை. தென்கிழக்கு ஆசியாவிலும் இந்தியாவின் வடகிழக்கிலும் ஹீமோகுளோபின் ஈ பரவலாக இருக்கிறது. தலசீமியா இவை எல்லாவற்றையும்விடப் பரந்த நிலப்பரப்பில் உண்டு. மெலனீசியத் தீவுகளில் ஆல்ஃபா தலசீமியாவின் அளவு, மலேரியா குறையும் உயரங்களுக்குப் போகப் போகக் குறைகிறது என்று 1986-இல் காட்டினார்கள். பாப்புவா நியூ கினியாவில் ஆல்ஃபா தலசீமியாவின் லேசான வகை இரண்டு பிரதியாக உள்ள குழந்தைகளுக்குக் கடும் மலேரியா வரும் அபாயம் பாதிக்கும் கீழே இருந்தது.

அப்படியானால் எஸ் ஒரு பிரதியும் ஆல்ஃபா தலசீமியாவும் ஒரே குழந்தைக்கு வாய்த்தால் இரட்டைக் கவசம் என்றுதானே தோன்றும்? கிலிஃபியில் பார்த்தபோது நேர்மாறாக இருந்தது. இரண்டும் சேர்ந்த குழந்தைகளுக்குப் பாதுகாப்பு ஏறக்குறைய இல்லாமலே போனது. ஆல்ஃபா தலசீமியா இருந்தால் அணுவுக்குள் எஸ் ஹீமோகுளோபினின் விகிதம் குறைகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். மத்தியதரைக் கடல் பகுதியில் தலசீமியா ஓங்கியும் எஸ் பரவாமலும் இருப்பதற்கு இப்படிப்பட்ட மோதல்கூடக் காரணமாக இருக்கலாம். நல்ல மரபணுக்களைக் கூட்டிக்கொண்டே போனால் பாதுகாப்பு கூடும் என்ற எண்ணம் இங்கே உடைகிறது.

ஜி6பிடி குறைபாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது சிகிச்சையோடும் நேரடியாக மோதுகிறது. சிவப்பணுவை ஆக்ஸிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்கும் ஒரு நொதி ஜி6பிடி. உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இது குறைவாக இருப்பதாக மதிப்பீடு. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களுக்கு ஒரே பிரதி. அது பழுதென்றால் முழுக் குறைபாடு. பெண்களுக்கு ஒரு பிரதி பழுதானால் பாதி அணுக்கள் ஒரு மாதிரி, பாதி வேறு மாதிரி. பெரும்பாலானோர் எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்கிறார்கள். ஆனால் பிரைமாகுவின் என்ற மலேரியா மாத்திரை உள்ளே போனால் சிலருக்குச் சிவப்பணுக்கள் கொத்துக் கொத்தாக உடைந்து, சிறுநீர் கருத்து, உயிருக்கே ஆபத்தாகும். இந்தக் குறைபாடு 1956-இல் கண்டறியப்பட்டதே பிரைமாகுவின் ஒவ்வாமல் போனவர்களை ஆராய்ந்ததால்தான்.

சிக்கல் என்னவென்றால், கல்லீரலில் மாதக்கணக்கில் பதுங்கியிருக்கும் வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியா ஒட்டுண்ணியை அழிக்க பிரைமாகுவினும் அதே குடும்பத்தைச் சேர்ந்த டஃபெனோகுவினும்தான் கையில் இருக்கின்றன. மலேரியா எங்கே அதிகமோ அங்கேதான் ஜி6பிடி குறைபாடும் அதிகம். நோய் வளர்த்துவிட்ட மரபணுவே அந்த நோயின் மருந்துக்குக் குறுக்கே நிற்கிறது. அதனால்தான் இந்த மாத்திரைகளுக்கு முன் ரத்தச் சோதனை வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள்.

இந்தக் குறைபாடு கடும் மலேரியாவிலிருந்து காக்கிறதா என்பதில் பல காலம் ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா நாடுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்த, பல நாட்டு ஆய்வாளர்களின் மலேரியாஜென் கூட்டமைப்பின் 2017 ஆய்வு முடிச்சை ஓரளவு அவிழ்த்தது. ஜி6பிடி குறையக் குறைய மூளை மலேரியாவின் அபாயம் குறைகிறது. ஆனால் கடும் மலேரியாச் சோகையின் அபாயம் கூடுகிறது. இரண்டையும் 'கடும் மலேரியா' என்று ஒரே கூடையில் போட்டதால்தான் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு விடை கலங்கலாகத் தெரிந்தது. நோய்க்கு வைக்கும் பெயர் துல்லியமாக இல்லையென்றால் மரபணு ஆய்வும் தடுமாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வைவாக்ஸின் கதை தனி. அது சிவப்பணுவுக்குள் நுழைய டஃபி என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். மேற்கு, மத்திய ஆப்பிரிக்க மக்களில் கிட்டத்தட்ட எல்லாருடைய சிவப்பணுக்களிலும் அது இல்லை. 1970-களில் லூயிஸ் மில்லரின் குழு இந்தத் தொடர்பைக் கண்டறிந்தது. அந்தப் புரதத்தின் மரபணு கெட்டுப்போகவில்லை. அதைச் சிவப்பணுவில் இயக்கும் தொடக்கப் பகுதியில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அவ்வளவே. இங்கே மட்டும் தொற்றையே தடுக்கும் பாதுகாப்பு என்று நீண்ட நாள் நம்பினார்கள். ஆனால் 2010-இல் மடகாஸ்கரிலிருந்தும் பிறகு எத்தியோப்பியா உள்ளிட்ட இடங்களிலிருந்தும், டஃபி இல்லாதவர்களிடம் வைவாக்ஸ் இருப்பதாகச் செய்திகள் வந்தன.

ரத்த வகையிலும் விஷயம் உண்டு. ஃபால்சிபாரம் புகுந்த அணு, தன்னைச் சுற்றி நல்ல அணுக்களைப் பூ இதழ்களாக ஒட்டவைத்துக்கொள்ளும். அந்தக் கொத்து நுண்குழாய்களை அடைக்கும். ஓ வகை ரத்தத்தில் இந்தக் கொத்து சிறிதாகவும் எளிதில் கலைவதாகவும் இருக்கிறது. அதனால் ஓ வகையினருக்குக் கடும் மலேரியா குறைவு. அதற்காக ஓ வகைக்காரர்கள் கொசுவலையை மடித்து வைத்துவிடலாம் என்று அர்த்தமில்லை. அவர்களும் மலேரியாவால் இறக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு டான்டு. நாலாவது குரோமோசோமில் கிளைக்கோஃபோரின் ஏ, பி என்ற இரண்டு மரபணுக்கள் அருகருகே இருக்கின்றன. இரண்டும் சிவப்பணுவின் சவ்வில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்களைத் தருபவை. சிலருக்கு அந்த இடம் பிரதியெடுக்கப்பட்டு, கலந்து, பாதி ஏ பாதி பி ஆன கலப்பு மரபணு உருவாகியிருக்கிறது. அதுதான் டான்டு ரத்த வகை. மலேரியாஜென் ஆய்வாளர்கள் 2017-இல் இதைக் கடும் மலேரியாப் பாதுகாப்போடு இணைத்தார்கள். இரண்டு பிரதி உள்ளவர்களுக்குப் பாதுகாப்பு 74 சதவீதம் வரை. கிழக்கு ஆப்பிரிக்காவில் கிலிஃபி போன்ற இடங்களில் இது சாதாரணம், மேற்கில் அரிது. ஒட்டுண்ணி கிளைக்கோஃபோரினைப் பிடித்துத்தான் நுழைகிறது, பிடி மாறியதால் நுழையவில்லை என்றே எல்லாரும் எதிர்பார்த்தார்கள். 2020-இல் கிலிஃபிக் குழந்தைகளின் ரத்தத்தை வீடியோ நுண்ணோக்கியில் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. டான்டு அணுக்களின் சவ்வு, இழுத்துக் கட்டிய மேளத்தோல் போல விறைப்பாக இருக்கிறது. விறைப்பு ஓர் அளவைத் தாண்டினால் ஒட்டுண்ணியால் சவ்வை வளைத்து உள்ளே போகவே முடியவில்லை. இதில் இன்னொரு நுட்பம்: டான்டு இல்லாதவர்களிடமும் அணுவுக்கு அணு விறைப்பு மாறுகிறது, விறைத்த அணுவை ஒட்டுண்ணி அங்கேயும் விட்டுவிடுகிறது.

தேடலில் விழுந்த சல்லடை

இத்தனை மரபணுக்களை வரிசையாகச் சொன்னதும், தேடினால் கிடைத்துக்கொண்டே இருக்கும் என்று தோன்றலாம். அப்படியில்லை. இருபது, முப்பது ஆண்டுகளில் சிறு சிறு ஆய்வுகள் பல டஜன் மரபணுக்களை மலேரியாவோடு இணைத்துப் பேசின. 12 இடங்களிலிருந்து 11,890 கடும் மலேரியா நோயாளிகளையும் 17,441 மற்றவர்களையும் வைத்து மலேரியாஜென் 2014-இல் அவற்றை மறுபடி சோதித்தது. அரிவாள் செல் உள்ள பீட்டா குளோபின், ஏபிஓ ரத்த வகை, ஜி6பிடி, சிவப்பணுவின் கால்சிய பம்பு ஒன்றின் மரபணு என்று விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் தேறின. மற்றவற்றில் பெரும்பாலானவை நிற்கவில்லை.

ஆப்பிரிக்காவில் இந்தத் தேடல் கூடுதலாகக் கடினம். மனித இனம் மிக நீண்ட காலம் வாழ்ந்த கண்டம் அது. மரபணு வேறுபாடு மிக அதிகம். ஐரோப்பியத் தரவை மனதில் வைத்துச் செய்த, மரபணு வேறுபாடுகளைப் படிக்கும் சில்லுகள் அங்கே சரியாகப் பிடிப்பதில்லை. 2009-இல் காம்பியாவில் நடந்த முதல் முழு மரபணுத் தொகுதி ஆய்வில், உலகிலேயே வலுவான பாதுகாப்பான எஸ் மரபணுகூட மங்கலாகத்தான் தெரிந்தது. உள்ளூர் மக்களின் டிஎன்ஏ வரிசையைப் படித்துச் சேர்த்த பிறகே அது பளிச்சென்று வந்தது. யாருக்கு இந்த நோய் அதிகமோ அவர்களுடைய மரபணுவைப் பற்றித்தான் நமக்குக் குறைவாகத் தெரியும் என்ற நிலை நியாயமில்லாதது.

இன்னொரு தப்பான புரிதலையும் இங்கே கழித்துவிட வேண்டும். அரிவாள் செல்லை 'கறுப்பினத்தவரின் நோய்' என்று சொல்லும் வழக்கம் மருத்துவர்களிடையேகூட இருந்தது. 1952-இலேயே நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த மரபணு இருப்பதை லேமனும் கட்புஷும் பதிவு செய்துவிட்டார்கள். அரேபியாவிலும் கிரேக்கத்தின் சில பகுதிகளிலும் உண்டு. ஆப்பிரிக்காவின் மேட்டு நிலங்களில் பல இடங்களில் அரிது. தோல் நிறம் இதற்குக் குறியல்ல. முன்னோர்கள் எங்கே, எந்தக் கொசுக்களோடு வாழ்ந்தார்கள் என்பதுதான் குறி.

ஒட்டுண்ணி சும்மா இருக்கவில்லை

இதுவரை மனிதர் பக்கத்தை மட்டும் பார்த்தோம். 2022-இல் காம்பியா, கென்யா குழந்தைகளின் மரபணுவையும், அதே குழந்தைகளின் ரத்தத்திலிருந்த ஒட்டுண்ணியின் மரபணுவையும் அருகருகே வைத்துப் பார்த்த ஆய்வு வெளியானது. எஸ் மரபணு இருந்தும் கடும் மலேரியா வந்த குழந்தைகளிடம், ஃபால்சிபாரத்தின் மூன்று குறிப்பிட்ட மரபணு வேறுபாடுகள் திரும்பத் திரும்பத் தென்பட்டன. அந்த வேறுபாடுகள் இல்லாத ஒட்டுண்ணிகளிடமிருந்து எஸ் மிக நன்றாகக் காக்கிறது. உள்ள ஒட்டுண்ணிகளிடம் அந்தப் பாதுகாப்பு பெருமளவு கரைந்துவிடுகிறது. இந்த வகை ஒட்டுண்ணிகள் காம்பியாவைவிடக் கென்யாவில் அதிகம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடக்கும் இழுபறியில், ஒட்டுண்ணியும் மனிதனின் எஸ் மரபணுவுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

ஆகவே '90 சதவீதப் பாதுகாப்பு' என்ற எண்ணும் எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்துக்கும் பொதுவானதாக இருக்காது. எந்த ஊர், எந்த ஒட்டுண்ணி என்பதைப் பொறுத்து அது மாறும்.

அந்தப் பத்துக் குழந்தைகள்

மேலே போட்ட கணக்கில் இரண்டு பிரதி எஸ் உள்ள குழந்தைகளை ஒரு வரியில் இறந்தவர்களாக்கிவிட்டுப் போனேன். நிஜத்தில் 2021-இல் மட்டும் உலகில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் அரிவாள் செல் நோயோடு பிறந்தார்கள், அவர்களில் முக்கால்வாசிக்கும் மேல் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில். இரண்டு பிரதி இருப்பதால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. சில ஊர்களில் பெற்றோர்கள் அப்படி நம்புவதும் உண்டு. இவர்கள் ரத்தத்தில் ஒட்டுண்ணி பெருகுவது குறைவுதான். ஆனால் ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பு; மண்ணீரலும் சிறு வயதிலேயே செயலிழக்கிறது. கொஞ்சம் மலேரியா வந்தாலே சோகை முற்றி உயிர் போய்விடும். அதனால் இவர்களுக்கு மலேரியாத் தடுப்பு மருந்து கட்டாயம் தேவை. பிறந்தவுடன் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் நோய் தெரிந்துவிடும். பென்சிலினும் தடுப்பூசிகளும் பெரும்பாலான ஆரம்பகால இறப்புகளைத் தடுக்கும்.

ஹைட்ராக்ஸியூரியா என்ற பழைய, விலை மலிவான மருந்தும் இருக்கிறது. கருவிலிருக்கும்போது நம் உடம்பில் இருந்த ஹீமோகுளோபினை அது மறுபடி கூட்டுவதால் அணுக்கள் வளைவது குறையும். பணக்கார நாடுகளில் வெகுநாளாகக் கொடுக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் தயக்கம் இருந்தது. அது வெள்ளணுக்களைக் குறைக்கிறது, மலேரியா நிறைந்த இடத்தில் கொடுத்தால் மலேரியா கூடிவிடாதா என்ற பயம். அங்கோலா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, கென்யா, உகாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 606 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். 100 குழந்தைகளை ஓராண்டு கவனித்தால் வலித் தாக்குதல் 98 முறை என்றிருந்தது சுமார் 45 ஆகக் குறைந்தது. இறப்பு 3.6-லிருந்து 1.1-க்கு இறங்கியது. எந்த மலேரியாவுக்குப் பயந்தார்களோ அது 47 முறையிலிருந்து 23 முறையாகக் குறைந்திருந்தது.